மரத்தில் ஒட்டி வளரும் சின்னப் பெரணிகள்: சுரண்டுவதா, விடுவதா?

கேள்வி: வால்பாறை வாசகர், 2023 ஜூன் 8

எங்க லயத்துக்குப் பின்னாடி ஒரு பழைய பலா மரம் இருக்கு. அடிமரத்துல ஆரம்பிச்சு கிளை பிரியுற இடம் வரைக்கும் சின்னச் சின்னதா, காசு மாதிரி வட்டமா, தடிச்ச இலை படர்ந்து கிடக்கு. நடுநடுவுல நீள இலையும் நீட்டிக்கிட்டு நிக்குது. இந்த வருஷம் காய்ப்பு ரொம்பக் குறைவு. இது புல்லுருவி ஜாதி, மரத்துச் சாறை உறிஞ்சுது, எல்லாத்தையும் சுரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சாத்தான் மரம் பிழைக்கும்னு மேஸ்திரி சொல்றார். மழை பிடிக்கிறதுக்குள்ள செஞ்சிடலாமா?

ஜூன் 8, இரவு

சுரண்ட வேண்டாம். சுண்ணாம்பும் வேண்டாம்.

நீங்க சொல்ற அடையாளத்தை வச்சுப் பார்த்தா அது பைரோசியா ஹெட்டிரோஃபில்லா. நம்ம மலைகள்லயும் இலங்கையிலயும் சாதாரணமா பார்க்கிற பெரணி. வட்ட இலை உணவு செய்யுற இலை. நீளமா நிக்கிறது ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலா பெரணியைப் பெருக்குற தூள், தாங்குற இலை. அதைத் திருப்பினா அடிப்பக்கம் பழுப்பா, சொரசொரன்னு இருக்கும்.

புல்லுருவி வேற வழி. அதோட பழத்தைப் பூக்கொத்திக் குருவி தின்னுட்டு, பசையோட கொட்டையைக் கிளையில தேய்ச்சிட்டுப் போகும். அது முளைச்சதும் உறிஞ்சு வேரைப் பட்டைக்குள்ள இறக்கி, கட்டையில ஓடுற தண்ணிக் குழாயோட சேர்ந்துக்கும். புல்லுருவி ஒட்டின இடத்துல கிளை முண்டா வீங்கியிருக்கிறதை நீங்களே பார்த்திருப்பீங்க. பெரணிக்கு அப்படி ஒரு உறுப்பே கிடையாது. உங்க மரத்துல ஏதாவது ஒரு ஓரத்துல, ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் மெதுவா நெம்பிப் பாருங்க. கொடி மாதிரி ஓடுற மெல்லிய தண்டு, அதுல செதில், அதுக்குக் கீழே பழுப்பு முடி போல வேர். அந்த வேர் செத்த பட்டையோட வெடிப்புலதான் நிக்கும். பச்சைப் பட்டை வரைக்கும் போகாது. தண்ணி மழையிலயும் பனியிலயும் வருது. உப்புச் சத்து காத்துல வர்ற தூசி, மேல இருந்து ஒழுகுற தண்ணி, இடுக்குல மக்குற குப்பை இதுல இருந்து கிடைக்குது. மரம் அதுக்கு நிக்க இடம் மட்டும் குடுக்குது.

காய்ப்பு குறைஞ்சதுக்குக் காரணத்தை வேர்ப்பக்கமும், தண்டுத் துளைப்பான் போட்ட ஓட்டையிலயும் தேடுங்க. மேஸ்திரி சொல்றது எங்க இருந்து வருதுன்னும் எனக்குப் புரியுது. வயசான, கிளை காய்ஞ்ச மரத்துலதான் பெரணி நிறைய இருக்கும். மரம் இலையை உதிர்த்தா தண்டுக்கு வெளிச்சம் வருது, பட்டை வெடிச்சிருக்கு, பாசி பிடிச்சிருக்கு, பல வருஷமா ஸ்போர் விழுந்துக்கிட்டே இருக்கு. அதனால மரம் தளர்ந்த பிறகு பெரணி பெருகுது. ஆனா பார்க்கிறவங்க கண்ணுக்குப் பெரணி வந்ததாலதான் மரம் தளர்ந்துச்சுன்னு தெரியும்.

ஜூன் 9

ஒரு நண்பர் தனியா எழுதியிருக்கார்: “நீங்க சொல்றது பாடப்புத்தகப் பதில். ஜாவா தோட்டங்கள்ல இதையே களைன்னு சொல்லி எடுக்கிறாங்க.”

உண்மைதான், அதுக்குப் பின்னாடி ஆளும் உண்டு. போகோர்ல வேலை பார்த்த டச்சு விஞ்ஞானி யகோபா ரூயினன் 1953ல ஒரு கட்டுரை எழுதினாங்க. மரத்து மேல ஒட்டி வளர்ற தொற்றுத் தாவரங்களோட வேர்ல வாழுற பூஞ்சை, மரத்தோட பட்டைக்குள்ள போய் மரத்தை நலிவாக்குதுன்னு அவங்க வாதம். சும்மா ஏதோ சொன்னவங்கன்னு தள்ளிட முடியாது. இலையோட மேற்பரப்பே நுண்ணுயிர்கள் வாழுற தனி உலகம்னு 1956ல காட்டினவங்கள்ல அவங்களும் ஒருத்தர். ஆனா இந்த வாதம் பொது விதியா நிலைக்கலை.

பாரத்தைப் பத்திக் கேட்டா பதில் மாறும். பெரிய பறவைக்கூட்டுப் பெரணி மழைத்தண்ணி குடிச்சு, குப்பை சேர்த்து, ஒரு காய்ஞ்ச கிளையை ஒடிச்சிடும். அதைக் கீழே இறக்குறது நியாயம். நகத்து அளவு, விரல் அளவு இலை வைக்கிற சின்னப் பெரணிக்கு அந்தப் பேச்சே இல்ல. மரம் தளிர்க்கப் பார்க்கிற இளங்கிளையில, மொட்டு வர்ற இடத்தையே மூடுற அளவுக்குப் படர்ந்தா கொஞ்சம் விலக்கலாம். அடிமரத்துல படர்ந்தது படர்ந்தபடியே இருக்கட்டும்.

ஜூன் 25

மழை பிடிச்சாச்சு. இந்த இழையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம்னு தோணுது, ஏன்னா பலாமரப் பெரணி கண்ணுக்குத் தெரியுற பெரணி. கண்ணுல படாம, காலடியில மிதிபட்டுப் போறது இன்னொரு கூட்டம்.

நேத்து சோலைக்காட்டு ஓரம் ஓடையை ஒட்டிப் போனேன். அட்டைக்குப் பயந்து காலுறையில புகையிலைத் தூள் தடவிக்கிட்டுப் போனாலும் அட்டை ஏறத்தான் செஞ்சுது. தண்ணி தெறிக்கிற தூரத்துல ஒரு மரத்தோட அடிப்பக்கம் முழுக்கப் பச்சையா இருந்துச்சு. பத்தடி தள்ளி நின்னு பார்த்தா பாசின்னு சொல்லிட்டுப் போயிடுவோம். பக்கத்துல குனிஞ்சு பார்த்தா இலை. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு செண்டிமீட்டர். விளிம்பு பிளந்து பிளந்து, நடுவுல கருப்பு நூலா நரம்பு ஓடுது. ஒரு இலைக்குப் பின்னாடி விரலை வச்சேன், விரல் ரேகை தெரிஞ்சுது. அவ்வளவு மெல்லிசு. நரம்பை விட்டுட்டுப் பார்த்தா இலையோட கனம் ஒரே ஒரு செல்.

இது ஹைமனோஃபில்லேசி குடும்பம். உலகத்துல ஏறக்குறைய 430 இனம். நம்ம பக்கம் ஹைமனோஃபில்லம், கிரெப்பிடோமேனஸ், டிடிமோகுளோசம்னு அதோட மூணு பேரினமும் உண்டு. ஒரு செல் கனத்துல இலை இருந்தா அதுல இலைத்துளைக்கு இடமில்ல. மேல் மெழுகுப் பூச்சும் பேருக்குத்தான். இலை முழுக்கத் தண்ணி குடிக்குது, இலை முழுக்க மூச்சு விடுது. காத்துல ஈரம் குறைஞ்சா மூடிக்கக் கதவில்ல. சில மணி நேரத்துல சுருண்டு கருகினாப்ல ஆகிடும். மறுபடி நனைஞ்சா விரிஞ்சு வேலையைத் தொடரும்.

மத்த செடிகள் தண்ணியைப் பிடிச்சு வச்சுக் காப்பாத்தப் பார்க்கும். இதுங்க காய்ஞ்சு போறதையே ஏத்துக்கிட்டு வாழுதுங்க. எனக்கு இதுங்க மேல பிரியம் வந்ததே இதனாலதான்.

ஜூன் 26

பாசியா பெரணியான்னு எப்படிப் பிரிக்கிறதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கிளை கிளையாப் பிரியுற தெளிவான நரம்பு தெரிஞ்சா பெரணி. இலை நுனியில ஸ்போர்ப் பை இருந்தா இன்னும் நல்லது. ரெண்டு உதடு மாதிரி பிளந்திருந்தா ஹைமனோஃபில்லம். குழாயா இருந்து அதுக்குள்ள இருந்து ஒரு முள்முடி வெளிய நீட்டிக்கிட்டிருந்தா கிரெப்பிடோமேனஸ் பக்கம். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு கழுத்துல தொங்கினா போதும். பறிக்காம, செடி இருக்கிற இடத்துக்கு நீங்க போய்க் குனியுங்க.

ஜூலை 16

கோயமுத்தூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: “அண்ணா, ஒரு கைப்பிடி மட்டும் பாசியோட பெயர்த்து எடுத்து, கண்ணாடி ஜாடியில வச்சா வளருமா? ஆன்லைன்ல பார்க்க ரொம்ப அழகா இருக்கே.”

ஜாடியில வளரும். ஆனா காட்டுல இருந்து பெயர்த்து எடுக்காதம்மா.

முதல் காரணம் சட்டம். காப்புக்காட்டுலயும் சரணாலயத்துலயும் ஒரு இலை எடுக்கவும் அனுமதி வேணும். ரெண்டாவது, இதுங்க திரும்ப வர்ற வேகம். பெரணி எல்லாத்துக்கும் ஸ்போர் இருக்கு, லட்சக்கணக்குல கொட்டுது, காலி இடத்துல திரும்ப முளைச்சிடும்னு நினைப்போம். பெரும்பாலான பெரணி ஸ்போர் பழுப்பு அல்லது மஞ்சள், தடிச்ச தோல், வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும். ஹைமனோஃபில்லேசிக்கு ஸ்போரே பச்சை. உள்ள பச்சையம் இருக்கு. விழுந்த உடனே முளைக்கத் தயாரா வருது, அதனால காத்திருக்கத் தெம்பில்ல. 1970ல வந்த ஒரு தொகுப்பாய்வுல பச்சை ஸ்போரோட ஆயுள் சராசரி 48 நாள். பச்சை இல்லாத ஸ்போருக்குச் சராசரி மூணு வருஷத்துக்குக் கிட்ட.

அந்த 48 நாளுக்குள்ள ஈரமான பட்டையில, பாசி இருக்கிற இடத்துல, வெயில் படாத பக்கத்துல விழணும். சுத்தி இருக்கிற காட்டை எடுத்துட்டு ஒரு மரத்தை மட்டும் விட்டு வச்சா அந்த இடம் கிடைக்கவே கிடைக்காது. கையில ஒரு கைப்பிடி வந்துடுச்சேன்னு நினைக்கிற நேரத்துல, அந்தத் தண்டுல பல வருஷம் சேர்ந்த பாசி மெத்தையும் கூடவே வந்திருக்கும்.

வளர்க்க ஆசையா இருந்தா ஸ்போர்ல இருந்து வளர்த்த பெரணியை நர்சரியில வாங்கலாம். வீட்டுச் சுவர்லயும் கிணத்து உறையிலயும் முளைக்கிற பெரணியோட ஸ்போரைக் காகிதத்துல தட்டி எடுத்து, கொதிக்க வச்சு ஆறின மண்ணுல தூவி, கண்ணாடி மூடி வச்சா உங்க கண் முன்னாடியே முழு வாழ்க்கையும் நடக்கும். அது ஜாடி அழகை விடப் பெருசு.

ஜூலை 17

கண்ணாடி ஜாடின்னதும் ஞாபகம் வந்துச்சு. லண்டன்ல நத்தானியல் வார்டுன்னு ஒரு மருத்துவர். 1829ல ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈர மண்ணோட பாட்டில்ல மூடி வச்சார். அவர் எதிர்பார்த்தது பூச்சியை. முளைச்சு வந்தது ஒரு பெரணியும் ஒரு புல்லும். ஊர்ப் புகையில வீட்டுத் தோட்டத்துல நட்ட பெரணியெல்லாம் செத்துக்கிட்டிருந்த காலம் அது. மூடின கண்ணாடிக்குள்ள தண்ணி ஆவியாகித் திரும்ப வடியுது, புகை உள்ள வரலைன்னு பிடிச்சுக்கிட்டார். 1833ல அந்த மாதிரிப் பெட்டி ரெண்டு சிட்னிக்குக் கப்பல்ல போய், செடி உயிரோட சேர்ந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்தது நம்ம மலைகளுக்கும் சம்பந்தப்பட்டது. ராபர்ட் ஃபார்ச்சூன்ங்கிற ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் சீனாவுல இருந்து சுமார் 20,000 தேயிலைக் கன்றுகளை இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டியிலதான். நீலகிரிக்கு 1860கள்ல கொய்னா மருந்து மரமான சின்கோனா வந்ததும் இதே வழி. வால்பாறைக்கு வந்தது ஃபார்ச்சூன் கொண்டுவந்த கன்று இல்ல, இங்க தோட்டம் போட்டது அதுக்கு ரொம்பப் பின்னாடி. ஆனா ஒரு கண்டத்துச் செடியை இன்னொரு கண்டத்து மலையில நட முடியும்ங்கிற தைரியத்தைக் குடுத்தது அந்தப் பெட்டி. பெரணியைக் காப்பாத்தப் பிறந்த கண்டுபிடிப்பு, பெரணி வாழ்ந்த காடுகளைத் தோட்டமாக்கின வேலைக்கும் உதவிச்சு. எங்க அப்பா கவ்வாத்து வெட்டின தேயிலையும் அப்படி வெட்டிச் சாய்ச்ச ஒரு மழைக்காட்டு மேலதான் நின்னுச்சு. அந்தத் தேயிலைதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் நான் நினைச்சுப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 3

ஜூலை 16ல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். அதுல ஒரு பாதியை விட்டிருக்கேன். ஸ்போர் முளைச்சா நேரா பெரணி வராது. முதல்ல புரோதாலஸ் வரும். ஸ்போர்ல இருந்து வர்ற அந்தச் சின்னப் பச்சைத் தகடு தனியா நின்னு சாப்பிடும், அதுல ஆண் பெண் உறுப்பு உண்டாகும், தண்ணிப் படலத்துல நீந்திப் போய்க் கலந்த பிறகுதான் நாம பெரணின்னு சொல்ற செடி. பத்தாம் வகுப்பு, பதினொண்ணாம் வகுப்புல இதய வடிவத்துல ஒரு படம் வரைஞ்சு மார்க் வாங்கினோம் இல்லையா, அதேதான். அந்தப் படம் தரையில வளர்ற பெரணிக்குப் பொருந்தும். மரத்துல வளர்ற சின்னப் பெரணிகள்ல பல இனத்துக்கு அது ரிப்பனாவோ நூலாவோ கிளைச்சு ஓடும், பல வருஷம் வாழும், சின்னச் சின்ன மொட்டுத் துணுக்கை உதிர்த்துத் தன்னைத்தானே பெருக்கிக்கும்.

அமெரிக்காவோட அப்பலேச்சியன் மலைப் பாறை இடுக்குகள்ல விட்டேரியா அப்பலேச்சியானான்னு ஒரு இனம். நாம பெரணின்னு அடையாளம் காணுற செடியே அதுல இல்லாமப் போச்சு. தகடு மட்டும் தலைமுறை தலைமுறையா வாழுது. 1991ல அதுக்குத் தனி இனமாப் பேர் வச்சாங்க.

நம்ம விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது தாஹிதி, மோரேயா தீவுகள்ல நடந்த வேலை. 2017ல வந்துச்சு. மலையடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் பெரிய செடியையும் தகட்டையும் தனித்தனியா சேகரிச்சு, தகட்டை டிஎன்ஏ வச்சு இனம் பிரிச்சாங்க. பல இனத்தோட தகடு பார்வைக்கு ஒண்ணுபோல இருக்கும், வேற வழியில்ல. பல இனத்தோட தகடு, அந்த இனத்தோட செடி இருக்கிற எல்லையைத் தாண்டியும் வாழ்ந்துக்கிட்டிருந்துச்சு.

இதைப் படிச்ச பிறகு காட்டுல என் பார்வை மாறிடுச்சு. இந்தத் தண்டுல பெரணி இல்லைன்னு இப்ப என்னால தைரியமா சொல்ல முடியாது. பச்சையா ஒரு அழுக்குப் படலம் இருந்தா அதுவே ஒரு பெரணியோட பாதி வாழ்க்கையா இருக்கலாம். சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்னு முதல் நாள் சொன்னதுக்கு இப்ப இன்னொரு காரணமும் சேர்ந்துடுச்சு.

செப்டம்பர் 4

ஒருத்தர் கேட்டிருக்கார்: “கண்ணுக்கே தெரியாததை எப்படிங்க பாதுகாக்கிறது?”

மரத்தோட தண்டைப் பாதுகாத்தா போதும். வயசான மரம், பட்டை, பாசி. இந்த மூணும் இருக்கிற இடத்துல மத்தது தானா நடக்கும்.

அக்டோபர் 22

கொல்லிமலை முடவாட்டுக்கால் பத்தி யாரோ கேட்டிருந்தாங்க. ஆமா, அது பெரணிதான். டிரைனேரியா குவெர்சிஃபோலியா. பாறையிலயும் மரத்துலயும் ஒட்டுற பெரிய பெரணி, இந்த இழையோட அளவுக்கு மிஞ்சினது. கிழங்குன்னு விக்கிறது அதோட ஊர்ந்து போற தண்டு, மேல இருக்கிற பழுப்பு ரோமம் செதில். அதுக்கு ரெண்டு வகை இலை. பச்சை இலை ஒண்ணு. காய்ஞ்ச பழுப்பு இலை இன்னொண்ணு, அது தண்டை மூடி நின்னு குப்பையைச் சேர்த்து மக்க வைக்கும். கடையில வர்றது பெரும்பாலும் காட்டுப் பாறையில பெயர்த்தெடுத்தது. சூப் குடிக்கிறவங்களை நான் குத்தம் சொல்லலை, மூட்டுவலின்னு நம்பிக் குடிக்கிறாங்க. விக்கிற மலைமக்களுக்கும் அது வருமானம். பயிர் பண்ண யாராவது முறையா கத்துக்குடுத்தா அவங்களுக்கும் நல்லது, பாறைக்கும் நல்லது.

நவம்பர் 19

சிங்கப்பூர்ல இருந்து ஒரு அண்ணன் எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கிற தூங்குமூஞ்சி மரத்தோட கிளை முழுக்க வட்ட இலை, மதியம் மூணு மணி வெயில்லயும் வாடாம நிக்குது, மழைக்காட்டுச் செடிக்கு இது எப்படி முடியுதுன்னு கேட்டிருக்கார்.

அண்ணா, அது பைரோசியா பிலோசெல்லாய்டிஸ். பலாமரப் பெரணிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. மலாய்க்காரங்க இதை டிராகன் செதில்னு அர்த்தம் வர்ற மாதிரி சிசிக் நாகான்னு சொல்வாங்க. 1970கள்லயே உங்க ஊர்ல இதை ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. பகல்ல இலைத்துளையை மூடிக்கும். ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமா இலைக்குள்ள சேமிச்சுக்கும். பகல்ல மூடின கதவுக்குள்ள அதை எடுத்துச் சமைக்கும். கள்ளியும் அன்னாசியும் செய்யுற வேலை. பெரணியில இந்த முறை இருக்குன்னு முதல்ல தெரிஞ்சதே இந்தப் பைரோசியாக்கள்லதான்.

மழைக்காடுன்னா எல்லா இடமும் ஈரம்னு நினைக்கிறோம். மழை நின்ன ஒரு மணி நேரத்துல தரை சொதசொதன்னு இருக்கும், முப்பதடி உயரத்துல கிளையோட மேல்பக்கம் காய்ஞ்சிடும். அங்க மண் கிடையாது, தண்ணியைத் தேக்க இடம் கிடையாது. ஒரே மரத்துல கீழே ஓடைப் பக்கம் ஒரு செல் கனத்து இலை, மேலே வெயில்ல தண்ணி சேர்த்து வைக்கிற தடிச்ச இலை. பைரோசியா இலையோட அடியை லென்ஸ்ல பார்த்தா நட்சத்திர வடிவ ரோமம் அடுக்கடுக்கா இருக்கும், அதுவும் தண்ணி போகாம காக்க.

ஜூன் 25 குறிப்புல காய்ஞ்சு போறதை ஏத்துக்கிற வாழ்க்கைன்னு எழுதினேன். அது ஹைமனோஃபில்லேசிக் குடும்பத்துக்குச் சொன்னது. பைரோசியா அதுக்கு நேர் எதிர் வழியில போய்ப் பிழைச்சிருக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல மரப்பெரணின்னு சொல்றது வசதிக்குத்தான்.

நவம்பர் 20

மேல எழுதினதோட சேர்த்து ஒண்ணு. பெரணி பழைய காலத்துச் செடி, டைனோசருக்கு முன்னாடியே வந்ததுன்னு சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் வகுப்பெடுக்கிறேன். ஆனா மரத்துல ஏறின பெரணிகள்ல பெரும்பாலானவை பூச்செடிக் காடுகள் வந்த பிறகு பெருகினவை. இன்னைக்கு இருக்கிற சுமார் 10,500 பெரணி இனங்கள்ல மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட மரத்துல வாழுது. பெரிய இலை மரங்கள் நிழலைப் போட்டதும் அந்த நிழலையே இதுங்க வீடாக்கிக்கிச்சு. அதுக்கு உதவின ஒரு ஒளி உணரி மரபணு, நியோகுரோம்னு பேரு, பாசிக்கு உறவான ஆந்தோசெராஸ் வகைச் செடியில இருந்து பெரணிக்குத் தாவினதுன்னு 2014ல காட்டினாங்க. இதைச் சொன்னதும் என் வகுப்புல ஒரு பையன் எழுந்து, “சார், அப்ப அது காப்பி அடிச்சுப் பாஸான செடிங்களா?”ன்னான். வகுப்பே சிரிச்சுது. பதில் அவனுக்கு இனி மறக்காது.

2024 பிப்ரவரி 18

பனிக்காலம் முடிஞ்சு வெயில் ஏறுது. லெப்பிசோரஸ் நூடஸ் எல்லாம் சுருள ஆரம்பிச்சாச்சு. சோலை ஓரத்து மரங்கள்ல விரல் நீளத்துக்கு, கத்தி வடிவத்துல, நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வட்ட வட்டமா பழுப்புப் பொட்டு வரிசையா இருக்கிறது இதுதான். ரெண்டு ஓரமும் உள்பக்கம் மடிஞ்சு, இலை குழலாயிடும். செத்துப்போச்சுன்னு நினைச்சுப் பிச்சு எறியாதீங்க. கோடை மழை ஒண்ணு விழட்டும்.

உதிர்ந்து கிடந்த இலை ஒண்ணை எடுத்துட்டு வந்து பசங்களுக்குக் காட்டினேன். பொட்டு இருக்கிற துண்டை நுண்ணோக்கிக்கு அடியில வச்சு, மேசை விளக்கைப் பக்கத்துல இழுத்தேன். ஒவ்வொரு பொட்டுலயும் பல பத்து ஸ்போர்ப் பைகள். ஒவ்வொரு பையோட முதுகுலயும் தடிச்ச செல் வரிசை ஒண்ணு வளையமா ஓடும். விளக்குச் சூட்டுல அந்தச் செல்லுக்குள்ள தண்ணி வத்துது. வத்த வத்த மெல்லிய வெளிச் சுவர் உள்ள இழுபடுது. வளையம் மெதுவா பின்னாடி வளைஞ்சு, பை வாயைப் பிளந்து, ஸ்போரைத் தூக்கிக்கிட்டு நிக்குது. உள்ள இருக்கிற தண்ணியோட இழுவிசை தாங்காம ஒரு குமிழி உண்டானதும் மொத்த வளையமும் பட்டுன்னு முன்னாடி பாயுது. ஸ்போர் காணோம். பின்னாடி போன கை முன்னாடி வர்றதை நம்ம கண்ணால பிடிக்கவே முடியாது. கவண் எறியுறவனுக்குக் கட்டையை நிறுத்த ஒரு தடுப்பு வேணும். இதுக்கு அது இல்லாமலே எப்படி எறிய முடியுதுன்னு 2012ல சயின்ஸ் இதழ்ல விளக்கம் வந்துச்சு. முதல் பாய்ச்சல் ரொம்ப வேகம், பாதி தூரத்துல வளையச் சுவருக்குள்ள தண்ணி நகர வேண்டியிருக்கிறதால தானா வேகம் குறையுது, அந்த இடத்துலதான் ஸ்போர் கைவிட்டுப் பறக்குது.

பெரும்பாலான பெரணிகள்ல ஒரு பையில 64 ஸ்போர். பசங்க எண்ண ஆரம்பிச்சாங்க, மணி அடிச்சும் யாரும் எழுந்திருக்கலை.

மார்ச் 10

மனசு சரியில்லாம எழுதுறேன். நான் அடிக்கடி போற சாலையில ஒரு தோட்டத்து எல்லையோரம் பழைய மரங்கள் வரிசையா நின்னுச்சு. போன வாரம் போனப்ப ஆளுயரத்துக்கு மேல வரைக்கும் எல்லாத்தையும் கம்பித் தூரிகையால தேய்ச்சு வெள்ளை அடிச்சிருந்தாங்க. பார்க்கச் சுத்தமா இருக்கணுமாம். லெப்பிசோரஸ், பாசி, ஹாப்லோப்டெரிஸ் நாடா இலை எல்லாம் கீழே குவியலாக் கிடந்துச்சு. வேலை செஞ்சவங்களுக்குச் சொன்ன வேலை அது, அவங்க மேல கோபமில்ல. சொன்னவங்ககிட்ட பேசியிருக்கேன், இன்னும் பேசுவேன்.

பேசப் போறவங்க கையில வச்சுக்க ஒரு தகவல். மர உச்சிகளை ஆராயுற விஞ்ஞானி நளினி நாட்கர்னி 1981ல சயின்ஸ் இதழ்ல எழுதினது. மரக்கிளை மேல பாசியும் பெரணியும் சேர்த்து வச்ச மக்கு மெத்தைக்குள்ள, மரமே தன் கிளையில இருந்து வேர் விட்டுச் சத்தை எடுத்துக்குது. ஒலிம்பிக் தீபகற்ப மழைக்காட்டு மேப்பிள் மரங்கள்லதான் அவங்க முதல்ல ஏறிப் பார்த்தாங்க. பெரணி மரத்தை உறிஞ்சுதுங்கிற பேச்சுக்கு இதை விடத் தெளிவா பதில் இல்ல. சில மரங்கள் பெரணி சேர்த்த மண்ணைச் சாப்பிடுது.

மார்ச் 12

எல்லா மரமும் அப்படி வேர் விடாதுன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். சரியான குறிப்பு. சில இனங்கள்தான். வால்பாறைப் பக்கம் கிளை முறிஞ்சு விழுந்தா மெத்தையைப் பிரிச்சுப் பாருங்க. கிளையில இருந்து கிளம்பின வேரா, பெரணி வேரான்னு பார்த்துப் படம் எடுத்துப் போடுங்க. விழுந்த கிளையைப் பார்க்க மரம் ஏறவும் வேண்டாம்.

ஜூன் 16

மழை திரும்பியாச்சு. அடையாளம் கேட்டு நிறையப் படம் வருது, அதனால புத்தகங்களைப் பத்திச் சொல்லிடறேன். சென்னை மாகாண வனத்துறையை 1860ல இருந்து 1882 வரைக்கும் நடத்தின ரிச்சர்ட் ஹென்றி பெடோம், ஆனைமலையிலயும் நீலகிரியிலயும் நடந்து நடந்து பார்த்துத் தென்னிந்தியப் பெரணிகளுக்குப் படத்தோட நூல் போட்டார், 1863ல தொடங்கினது. 1883ல வந்த அவரோட கையேடு இன்னும் பயன்படுது. பேர் பல மாறிடுச்சு, படம் மாறலை. அதுக்கப்புறம் நமக்குக் கிடைச்சது பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியில அருட்தந்தை வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் செஞ்ச வேலை. தென்னகத்து மேற்கு மலைத்தொடர் பெரணிகள் பத்தி 1992ல வந்த பெரிய நூல். நம்ம ஊர்க் கல்லூரி ஒண்ணுல உட்கார்ந்து, களக்காடு, கோதையாறு, பழனிமலைன்னு ஏறி இறங்கிச் செஞ்சது. இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்றதில்லைங்கிற ஆதங்கம் எனக்கு எப்பவும் உண்டு. வயநாட்டுப் பக்கம் பெரியாவுல குருகுலத் தாவர சரணாலயம்னு ஒரு இடம், 1981ல வொல்ஃப்காங் தொயர்காஃப் தொடங்கினது. காடு அழியுற இடத்துல இருந்து காப்பாத்தின பெரணிகள் அங்க மரத்துலயும் பாறையிலயும் வளருது. பெரணியைப் பறிக்காம பக்கத்துல நின்னு பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு அது நல்ல இடம்.

ஜூன் 17

நேத்து ராத்திரி வந்த படங்கள்ல மூணாவது படத்துக்கு மட்டும் பதில் சொல்ல முடியலை. குறுகின, தோல் மாதிரி இலை, ஒழுங்கான விளிம்பு, தண்டுல செதில். எலாஃபோகுளோசமா இருக்கலாம். நீலகிரியிலயும் ஆனைமலையிலயும் சோலைக்குள்ள அது உண்டு. அப்படின்னா ஸ்போர் இலையோட அடிப்பக்கம் பொட்டா இல்லாம முழுக்கப் பழுப்பா மூடியிருக்கும். பொட்டா இருந்தா பேச்சே வேற. மேல்பக்கம் மட்டும் எடுத்திருக்கீங்க. இலையை ஒடிக்காம, ஃபோனைக் கீழே கொண்டுபோய் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்க. தண்டுச் செதிலையும் பக்கத்துல ஒண்ணு. மரம் எது, தரையில இருந்து எவ்வளவு உயரம், ஓடை பக்கமா வெயில் பக்கமான்னும் சேர்த்து எழுதுங்க.